துப்பாக்கிக்கும் ஒரு பூட்டு

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் கடைக்கு நான் நகை வாங்கப் போவதில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் அந்தக் காரியத்துக்காக அடிக்கடி படியேற முடியுமா? போனால் நல்ல காப்பி கிடைக்கும். அதைவிட நல்ல பேச்சுக் கிடைக்கும். வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியும் அவருடையது, லைசென்சும் அவருடையது. இரண்டையும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம்.

கடைக்காரரிடமும் ஒரு ரிவால்வர் உண்டு. தகப்பனார் காலத்திலிருந்து வருகிற லைசென்சு. அன்று நான் போனபோது அந்த ரிவால்வர் கடையில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால், லைசென்சுத் துப்பாக்கிகளைக் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். காவல் வேலையில் இருப்பதால் சுபேதாருக்கு விலக்குக் கிடைத்திருந்தது. முதலாளிக்குக் கிடைக்கவில்லை.

"முப்பது வருஷமா வச்சிருக்கேன். ஒரு காக்காயைச் சுட்டதில்லை. தேர்தல் வந்தா மட்டும் நான் கேடி ஆயிடறேனா? என் வாசல்ல உட்கார்ந்திருக்கிறவரை நம்பறாங்க, என்னை நம்ப மாட்டேங்கறாங்க!" என்று அவர் பொரிந்து தள்ளினார்.

"ரசீது குடுத்தாங்கல்ல, விடுங்க முதலாளி" என்றார் சுபேதார்.

பேச்சு அப்படியே அமெரிக்காவுக்குத் தாவியது. கடைக்காரரின் மாப்பிள்ளை அங்கே இருக்கிறார். அந்த ஊர் ரிவால்வர்களில் உடம்புக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்து விற்கிறார்களாம். பக்கவாட்டில் ஒரு சிறு துவாரம். அதில் குட்டிச் சாவியை நுழைத்துத் திருப்பினால் குதிரை அசையாது. விசையை எவ்வளவு இழுத்தாலும் சுடாது.

"கேட்டீங்களா வேடிக்கையை? வெளிக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு. உள் அறைக்கு ஒரு பூட்டு. இரும்புப் பெட்டிக்கு ஒரு பூட்டு. அதுக்குள்ள இருக்கற துப்பாக்கிக்கும் பூட்டு! திருடன் வந்தா, 'ஐயா, கொஞ்சம் உட்காருங்க, சாவி தேடிக்கிட்டு வரேன்'னு சொல்லணும்!"

நான் சிரித்தேன். சுபேதார் சிரிக்கவில்லை.

"அதுகூடப் பரவால்ல தம்பி. பூட்டுனு ஒண்ணு இருந்தா மனுஷன் அதை நம்ப ஆரம்பிச்சுடுவான். பட்டாளத்துல எங்களுக்கு முதல் பாடமே, கையில இருக்கற துப்பாக்கி எப்பவும் குண்டு போட்டதுன்னு நினைச்சுக்கணும். காலித் துப்பாக்கிதான் ஆளைக் கொல்லும். பூட்டு மனசுல இருக்கணும். இரும்புல இருந்து என்ன பிரயோஜனம்?"

இந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. கதாசிரியனுக்கு இம்மாதிரி வாக்கியங்கள் மேல் ஒரு சபலம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, அந்த வாக்கியம் அத்தனை எளிதாக ஜீரணமாகவில்லை.

ரிவால்வர் சிக்கலில்லாத ஒரு யந்திரம். ஐந்தாறு தோட்டாக்களைத் தாங்கிய உருளை, பின்னால் குதிரை, கீழே விசை. விசையை இழுத்தால் உருளை ஓர் அறை சுழலும். குதிரை பின்னுக்குப் போய், விடுபட்டு, தோட்டாவை அடிக்கும். அநேக ரிவால்வர்களில் கையால் போட்டு எடுக்கும் தடை எதுவும் கிடையாது. விசை நீளமாகவும் கனமாகவும் இழுபடுகிறதே, அதுதான் பாதுகாப்பு. அதை வைத்திருப்பவர்கள் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். எடுத்தால் சுடும், இடையில் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ரிவால்வர் செய்தவர்களுக்கே இந்த எளிமையைப் பற்றி ஓர் அச்சம் வெகுகாலமாக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் 1887-ஆம் ஆண்டிலேயே ஒரு புதுமாதிரி ரிவால்வரை வெளியிட்டார்கள். அதன் கைப்பிடியின் பின்புறத்தில் ஒரு தகடு. அதை உள்ளங்கையால் இறுக்கிக்கொண்டே விசையை இழுத்தால்தான் சுடும். சின்னக் குழந்தையின் கைக்கு அவ்வளவு வலு இராது என்பதுதான் அதன் தாத்பரியம். இரண்டாவது உலகப் போரின்போது, அதே கம்பெனியின் ரிவால்வர் ஒன்று கப்பலில் கை தவறி விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். அதன் பிறகு, விசையை இழுத்தாலொழியக் குதிரை தோட்டாவைத் தொடாதபடி உள்ளே ஒரு புதிய தடையை வைத்தார்கள். இந்த இரண்டையும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இவை வைத்திருப்பவனை ஒன்றும் கேட்பதில்லை. தம் பாட்டுக்கு வேலை செய்கின்றன.

சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வந்தபோதுதான் சண்டை மூண்டது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கம்பெனி, கிளிண்டன் அரசாங்கத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கைத்துப்பாக்கிகளுக்குள்ளேயே பூட்டு அமைப்பது அதன் ஷரத்துகளில் ஒன்று. துப்பாக்கிப் பிரியர்கள் கொதித்தெழுந்து அந்தக் கம்பெனிச் சரக்கையே பகிஷ்கரித்தார்கள். 1987-இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியிருந்த இங்கிலாந்து முதலாளிகள், 2001-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு, கடனையும் சேர்த்து வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டு, விலகிக்கொண்டார்கள். வாங்கியவர்கள் யார் தெரியுமா? துப்பாக்கிகளுக்குப் பூட்டுச் செய்து விற்கும் ஒரு கம்பெனியார்! அதற்குப் பிறகு வந்த ரிவால்வர்களில் சாவித் துவாரம் இடம் பெற்றது. ஜனாதிபதியின் மனைவி பெயரால் அதற்கு 'ஹிலாரி ஓட்டை' என்று பரிகாசப் பெயர் வைத்தார்கள். இன்றுவரை பூட்டில்லாத பழைய ரிவால்வர்களைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. கம்பெனியும் சில வகைகளைப் பூட்டில்லாமலே செய்து விற்கிறது.

அவர்கள் சொல்லும் காரணங்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கனம் குறைந்த ரிவால்வரில் வலுவான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், அந்த உதைப்பிலேயே பூட்டுத் தானாக விழுந்து துப்பாக்கி முடங்கிப் போகலாம் என்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான ஒரு நொடியில் இப்படி நடந்தால் என்ன கதி? இது முதல் காரணம். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் மனிதன் அசிரத்தையாகிவிடுவான் என்பது இரண்டாவது. நம் சுபேதார் சொன்னதும் அதுதான். மூன்றாவதைத்தான் அவர்கள் எல்லாவற்றிலும் உரக்கச் சொல்கிறார்கள்: "எவனோ அஜாக்கிரதையாக இருந்ததற்கு என்னை ஏன் சந்தேகிக்கிறாய்?"

இந்த மூன்றாவது காரணம் நமக்கும் புதிதல்ல. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட பிறகு, 1801-இல் கும்பினியார் தென்சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார்கள். 1878-இல் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியனுக்கு லைசென்சு வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அது அவமானந்தான். சந்தேகமேயில்லை. ஆனால் அந்த அவமானம் எதில் இருந்தது? தடையில் இருந்ததா, அல்லது தடை உனக்கு மட்டும் என்பதில் இருந்ததா? என் நண்பரான கடைக்காரரைப் பாருங்கள். ரிவால்வரைக் கொடுத்ததைவிட, வாசலில் இருப்பவருக்கு விலக்குக் கிடைத்ததுதான் அவரை அதிகமாகச் சுட்டுவிட்டது! ரயில்வே கேட்டை மூடினால் கலெக்டர் காரும் நிற்கிறது, கட்டை வண்டியும் நிற்கிறது. அங்கே யாரும் தன்னைச் சந்தேகித்ததாக வருத்தப்படுவதில்லை.

மூன்றாவது காரணத்துக்கு இப்படிப் பதில் சொல்லிக்கொண்டேன். இரண்டாவதுதான் என்னை விடவில்லை. பூட்டு மனசில் இருக்க வேண்டும் என்கிறாரே, மனசில் பூட்டு உள்ளவர்கள் கையில் தவறே நேராதா?

அடுத்த முறை போனபோது சுபேதாரிடமே கேட்டேன்.

"நார்த்தாமலையில நடந்ததை என்னன்னு சொல்றது, ஐயா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. இந்த ஜில்லாவில் அதை மறந்தவர்கள் கிடையாது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி. நார்த்தாமலைக்குப் பக்கத்திலுள்ள போலீஸ் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே, தள்ளியிருந்த ஒரு குடியிருப்பில், தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையன் தலையில் ஒரு குண்டு வந்து பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். 2022 ஜனவரி 3-ஆம் தேதி பையன் இறந்துபோனான்.

யார் மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதியல்ல. எனக்கு உறைப்பது வேறு விஷயம். அங்கே விளையாட்டுப் பிள்ளை யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை. பயிற்சி பெறும் கைகள். சுடுவதற்கென்றே குறித்த இடம். சுடுவதற்கென்றே குறித்த நேரம். அப்படியும் குண்டு எல்லையைத் தாண்டிப் போயிற்று. ரிவால்வருக்குள் வைக்கும் பூட்டு அந்தப் பையனைக் காப்பாற்றியிராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒழுங்கு ஒன்றே போதும் என்கிற வாதமும் அவனைக் காப்பாற்றவில்லையே!

"தம்பி, குண்டு குழலை விட்டுப் போன பிறகு அது யாருடைய குண்டுமில்லை" என்றார் சுபேதார் கடைசியாக. அதற்குமேல் அவர் பேசவில்லை. துடைத்த துப்பாக்கியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவரிடம் என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாத கதை அது.

பெரியப்பா ஊர் திருமயத்துக்குப் பக்கம். ஏரிக்கரையில் நின்றால் கோட்டை தெரியும். கடலை பயிரிட்டிருந்தார். பயிரைப் பன்றியிடமிருந்து காப்பதற்காக ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றுக்கு லைசென்சு வைத்திருந்தார். கூடத்துச் சுவரில் இரண்டு மர முளைகள் மேல் அது கிடக்கும். துப்பாக்கி விஷயத்தில் பெரியப்பாவைப்போல் ஒழுங்கான மனிதர் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று பெயர். குழலை ஒருபோதும் ஆளை நோக்கித் திருப்ப மாட்டார். வீட்டுப் படி ஏறுமுன் குழலை மடக்கித் தோட்டாவை எடுத்துவிடுவார். "துப்பாக்கிக்கு எதுக்குடா பூட்டு? பூட்டு மனுஷனுக்குத்தான்" என்று அவரும் சொல்லியிருக்கிறார். சுபேதார் வாயிலிருந்து அதே மாதிரி வார்த்தை வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டதற்கு அதுதான் காரணம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறை. அன்று காலையில் எங்களையெல்லாம் திருமயம் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் ஒரு பீரங்கி. அதன் முதுகில் குதிரை ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்து, "டமால், டமால்!" என்று திசைக்கு ஒரு ராஜ்யத்தை நாசம் செய்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மத்தியானம் வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். பத்தாயத்தின் மேல் ஏறித் துப்பாக்கியை எடுத்தேன். குதிரையைப் பின்னுக்கு இழுக்க இரண்டு கட்டைவிரல்களும் தேவைப்பட்டன. தாழ்வாரத்தில் என் தங்கை, பெரியப்பாவின் மகள், தனக்குத் தானே பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறு வயது. குழலை அவள் முதுகுக்கு நேராகப் பிடித்து, வாயால் "டமால்" என்று சொல்லிக்கொண்டே விசையை இழுத்தேன்.

'டக்' என்று ஒரு சப்தம் கேட்டது, அவ்வளவுதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் உள்ளே படுத்திருந்த பெரியப்பாவுக்கு அந்தச் சப்தம் கேட்டுவிட்டது. ஓடி வந்தார். துப்பாக்கியைப் பிடுங்கிக் குழலை மடக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன்; அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேஷ்டி மடியைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். விடியற்காலையில் பன்றிக்காகப் போட்ட தோட்டாவை அவர் எடுக்க மறந்திருந்தார். வாசலில் விருந்தாளி காத்திருந்ததால் அவசரமாகக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். அது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

பெரியம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். சிவப்புக் காகிதக் கூட்டுத் தோட்டா ஒன்று அவள் கையில் இருந்தது. அதில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"காலையில நாந்தான் எடுத்து அரிசிப் பானையில போட்டேன். இன்னிக்கு மட்டுமில்ல, நீங்க படுத்ததுக்கப்புறம் தினமும் ஒருக்கா மடக்கிப் பார்த்துட்டுத்தான் நான் படுக்கிறது. இதோட மூணு தடவை எடுத்திருக்கேன்."

அந்த வீட்டுக்கு அன்று அவள் தெய்வமாகத் தோன்றியிருக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது அதுவல்ல. பெரியப்பா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. குழந்தை பிழைத்த சந்தோஷத்தைவிட, இத்தனை வருஷமாகத் தன்னை நம்பாமல் ஒருத்தி பின்னாலேயே சோதித்து வந்திருக்கிறாள் என்ற ரோஷம் அவருக்குப் பெரிதாகிவிட்டது. "என்னை நம்பலையா நீ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "உங்களை நம்பித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். துப்பாக்கியை நம்பி வரலை" என்று சொல்லிவிட்டு அவள் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம் பெரியப்பா வயலிலிருந்து வந்தார். வாசலில் நின்று துப்பாக்கியை மடக்கினார். தோட்டாவை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் பெரியம்மாவிடம் நீட்டினார். அவளும் பேசாமல் வாங்கிக்கொண்டுபோய் அரிசிப் பானையில் போட்டாள். லைசென்சைத் திருப்பிக் கொடுத்த வருஷம் வரைக்கும் அந்த வீட்டில் அதுதான் வழக்கமாக இருந்தது.

அமெரிக்காவில் ஒரு கம்பெனியையே ஆட்டம் காணச் செய்த கோபத்தை நான் என் பெரியப்பாவின் மூன்று நாள் மௌனத்தில் பார்த்திருக்கிறேன். ஆகையால் அந்தக் கோபக்காரர்களை மூடர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஒழுங்காக இருப்பவனுக்குத்தான் சந்தேகம் உறைக்கும். அயோக்கியனுக்கு என்ன ரோஷம்? பெரியப்பாவின் ஒழுங்கும் பொய்யல்ல. வருஷத்தில் முந்நூற்றறுபது நாள் அவர் மறந்ததில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பையன் பத்தாயத்தின் மேல் ஏறுவதற்குப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பதில்லையே!

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பல, சுவரில்லாத கிணறுகளாக இருந்தவை. கைப்பிடிச் சுவர் கட்டுகிற வீட்டில், "நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாதா?" என்று யாராவது தாத்தா கேட்பார். தெரியும். நீச்சலும் வேண்டியதுதான், சுவர் இருக்கிறதென்று நீச்சல் கற்காதவன் ஒரு நாள் குளத்தில் முழுகுவான். சுபேதார் அஞ்சுவது இதைத்தான். அவர் அச்சம் நியாயமானதே. ஆனால் நீச்சல் வரும் வயதை எட்டாத குழந்தையிடம் போய் மனசைப் பூட்டிக்கொள் என்று யார் உபதேசம் செய்வது? அதற்காகச் சுவரை வேறு யாராவதுதான் கட்ட வேண்டும். அதைக் கட்டும்போது நீச்சல் தெரிந்தவன் முகத்தைச் சுளித்தால், அவன் தன் சாமர்த்தியத்தை நினைக்கிறானே தவிரக் கிணற்றை நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சாவித் துவாரம் வைத்த அந்த ரிவால்வர்தான் உயர்ந்தது என்று நான் வாதாட வரவில்லை. முடங்கிப் போகும் பூட்டு கெட்ட பூட்டு. அதைச் செய்தவன் திருத்தட்டும். சாவியைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுகிறவனுக்கு எந்தப் பூட்டாலும் பயனில்லை. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகு, லைசென்சு கேட்பவன் பாதுகாப்பாகக் கையாளப் பயின்றிருக்கிறானா, பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும். ஆனால் எந்த விதியும் தினம் ராத்திரி எழுந்துபோய்க் குழலை மடக்கிப் பார்க்காது.

உயிரை எடுக்கக்கூடிய ஒரு பொருளை வைத்துக்கொள்ள ஒருவன் ஆசைப்பட்டால், தன்னைப் பிறர் சோதிப்பதையும் அவன் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. "என்னை நம்பு" என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு; "என்னைச் சோதிக்காதே" என்று கேட்கும் உரிமை அதை வாங்கிய அன்றே போய்விட்டது. பெரியப்பாவுக்கு இதைக் கற்றுக்கொள்ள மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளை நான் குறைவாக மதிப்பிடவில்லை. தோட்டாவை அவர் தாமாகவே நீட்டிய அந்தக் கையைத்தான், ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இப்போது நான் நினைத்துக்கொள்கிறேன்.

கதையைச் சொல்லி முடித்ததும் சுபேதார் வெகுநேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தங்கச்சி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"திருச்சியில. ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் காலேஜுல படிக்கிறான்."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொன்னதில்லை."

அவர் துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழல்களுக்குள்ளும் ஒரு முறை பார்த்தார். பிறகு அதை என் பக்கம் சாய்த்தார்.

"நீங்களும் ஒருக்கா பாருங்க, தம்பி" என்றார்.

பார்த்தேன். இரண்டும் காலியாக இருந்தன.